புதன்கிழமைகளில் குடிக்கும் சூரியன்

இரண்டு மாரி பொய்த்த அந்த வருடத்தில் நீர்வேலித் தவளைகள் கிணறுகளை விட்டு வெளியேறி, பருத்தித்துறை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டன. கொண்டக்டர் அவற்றிடம் அரை ரிக்கற் வாங்கினாராம். நம்பாதவர்கள் ஒரு தவளையைக் காட்டட்டும்.

நான்கு வீட்டாருக்குப் பங்கான அந்தத் தோட்டக் கிணற்றுக்கு ஒரே ஒரு பயம்தான். உட்சுவரில் கீறியிருந்த சிவப்புக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால், அடியிலிருந்து சவர் ஏறிவிடும். உப்பு ஏறிய கிணறு பிறகு திருந்தாது. நாலு வாழைத் தோட்டமும் அத்தோடு சரி. ஆகவே ஆளுக்குக் கிழமைக்கு ஒரு மணித்தியாலம்தான் இறைப்பு என்று பங்காளிகள் முடிவெடுத்து, பம்ப் கொட்டில் பூட்டின் திறப்பைத் தங்களில் ஒருவரான செபநாயகம் மாஸ்டரிடம் கொடுத்தார்கள். முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவர். சொந்த மகனையே ஒரு புள்ளியால் பெயிலாக்கியவர்.

மாஸ்டர் நாள்தோறும் காலையில் கோல் விட்டு அளந்தார். வியாழக்கிழமைகளில் மட்டும் தண்ணீர் நாலு விரல் கூடுதலாக இறங்கியிருந்தது. ஒரு கொப்பி நிறையக் கணக்குப் போட்டு, சூரியன் புதன்கிழமைகளில் அதிகம் குடிக்கிறது என்று நிறுவினார். அந்த நாலு விரலை ஈடுசெய்யத் தன்னுடைய பங்கை அரை மணித்தியாலமாகக் குறைத்துக்கொண்டார். அவருடைய முந்நூறு கதலி வாழையும் ஒவ்வொன்றாக மடியத் தொடங்கின.

மற்றப் பங்காளிகளின் தோட்டங்களோ கரும்பச்சையாய் நின்றன. பக்கத்துத் தோட்டத்துத் தியாகராசாவைக் கேட்டார்.

"என்ன தியாகு செய்யிறாய்?"

"ஒண்டுமில்லை மாஸ்டர். விடியவும் பின்னேரமும் தேவாரம் பாடுறன். வாழை பக்தியிலை வளருது."

"என்ரையளும் கேக்குமே?"

"உங்கடையள் வேதக்கார வாழையெல்லே. சேர்ச்சுக் கீர்த்தனை பாடிப் பாருங்கோ."

மற்ற இரண்டு பங்காளிகள், இராசமலரும் பார்த்தீபனும், தாங்களும் பாடுவதாகவே சொன்னார்கள். மாஸ்டர் மூன்று கிழமை பாடினார். இன்னும் ஐம்பது வாழை விழுந்தது. சுருதி பிசகியிருக்கும் என்றாள் மனைவி ஐரிஸ், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

புதன்கிழமை பின்னேரங்களில் மாஸ்டருக்கு உடுவிலில் சபைக் கூட்டம். ஒரு புதன் போதகருக்குக் காய்ச்சல், கூட்டம் இல்லை. மாஸ்டர் சைக்கிளைத் திருப்பினார். தோட்டத்து ஒழுங்கையில் ஏறும்போதே பம்ப் சத்தம் கேட்டது.

தியாகராசா மண்வெட்டியால் வாய்க்காலைத் திருப்பிக்கொண்டிருந்தார். அடுத்த முறைக்கு இராசமலரும் பார்த்தீபனும் காத்து நின்றார்கள். கொட்டில் வாசலில், விரலில் இன்னொரு திறப்பைக் கொழுவிக்கொண்டு, மணிக்கூட்டைப் பார்த்தபடி ஐரிஸ்.

"தியாகண்ணை, காணும். கால் மணித்தியாலம் முடிஞ்சுது. மலரக்கா, வாங்கோ."

மாஸ்டரைக் கண்டதும் ஐரிஸ் பம்பை நிற்பாட்டினாள். யாரும் ஓடவில்லை.

"எவ்வளவு காலமா?"

"ஏழு மாசம்," என்றாள்.

"என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"மூண்டு வீட்டுக்காரரும் என்னட்டை வந்து அழுதவை. உங்களிட்டை ஆர் வந்து அழுறது?"

தியாகராசா மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தார். "கோவிக்காதையுங்கோ மாஸ்டர். உங்களுக்குப் பயந்துதான் கால் மணித்தியாலத்தோடை விட்டனாங்கள். உவன் பார்த்தீபனிட்டைத் திறப்பு இருந்திருந்தால், இண்டைக்கு நாங்கள் உப்பெல்லே விளைவிச்சிருப்பம்."

"என்னை ஏன் அண்ணை இழுக்கிறியள்?" என்றான் பார்த்தீபன்.

மாஸ்டர் மனைவியையே பார்த்தார். "எங்கடை தோட்டத்துக்கு ஏன் ஒரு வாளிகூட விடேல்லை?"

"விட்டால் நீங்கள் கண்டுபிடிச்சிருப்பியள். ஒரு தோட்டமாவது வாடினால்தான் உங்கடை சூரியக் கணக்கை நம்புவியள் எண்டு கூட்டம் வைச்சு முடிவெடுத்தம்."

"எங்கடை தோட்டம் வாடட்டும் எண்டு ஆர் சொன்னது?"

ஐரிஸ் திறப்பை விரலிலிருந்து கழற்றினாள். "நான்தான்."

மாஸ்டர் கிணற்றுக் கட்டில் போய்க் குனிந்தார். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு இரண்டு விரல் மேலே நின்றது. ஏழு மாதமாய் எது நடக்கக்கூடாது என்று தவம் கிடந்தாரோ, அது நடந்திருக்க வேண்டும் என்று அவருக்கு முதல்தடவையாக ஆசை வந்தது. ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்திக் குடித்தார். நாலு பேரும் அவருடைய வாயையே பார்த்தார்கள்.

நல்ல தண்ணீர். ஒரு கல் உப்பு இல்லை.

மாஸ்டர் வாளியிலிருந்த மிச்சத்தை நிலத்தில் கவிழ்த்தார், யாருடைய வாய்க்காலுக்கும் ஓடாத பக்கமாகப் பார்த்து.