மறுத்தார்

அத்தாவின் கம்பளி மேலங்கியைப் பைக்குள் குத்தித் திணித்தாள் அனார்குல். விடியலில் இறந்த தந்தையின் உடல் வண்டியில் இருந்தது. வாசலில் தம்பி குபாத் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"இதுல கையெழுத்துப் போடுங்க," என்று தாளை நீட்டினாள் முதியோர் இல்லப் பணிப்பெண் ராயா. பதினோரு நாளுக்கும் எதிரே ஒரே வரி: உணவை மறுத்தார்.

"இங்க விட்டதுக்கு என்னைப் பழிவாங்கிட்டாரு," என்றாள் அனார்குல். "டீயைத் தவிர எதையும் தொடலையாமே!"

"அவன் யாரையும் பழிவாங்கல."

பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒசோர் பேசினார். தொண்ணூற்றொரு வயது.

"பதினோரு நாளா எனக்குக் கை விளங்கல. ஊட்ட ஆள் கடைசியிலதான் வரும். வயசுல மூத்தவன் நான் வாயில வைக்காம அவன் எப்படித் தொடுவான்? தின்னுடான்னு திட்டினேன். நான் என்ன நாயான்னு கேட்டான். அவனே ஊட்டவும் பாத்தான். கை நடுக்கம், சூப்பு என் மேல கொட்டுச்சு. ராயா தடுத்துட்டா. எனக்கு ஊட்ட வர்றதுக்குள்ள அவன் தட்டை எடுத்துட்டுப் போயிடுவாங்க."

அனார்குல் ராயாவின் பக்கம் திரும்பினாள். "நீயும் கிர்கிஸ் வீட்டுல பொறந்தவதானே? இது தெரியாதா உனக்கு?"

"தெரியும். நாப்பது பேருக்கு நாங்க ரெண்டு பேரு. வயசு வரிசை பாத்தா யாருக்கும் ஊட்ட முடியாது."

"எழுத மட்டும் நேரம் இருந்துச்சா?"

"நீங்க கடைசியா எப்ப வந்தீங்க?"

அனார்குல் பையின் வாயை இழுத்துக் கட்டினாள். நான்கு நாள் முன்பு போனில் அத்தா சொன்னார்: 'பெரியவர் இன்னும் சாப்பிடலம்மா.' சாக்குச் சொல்லாதீங்க என்று கத்திவிட்டுத் துண்டித்தவள் அவள்தான்.

ராயா தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் வந்து, ஒசோரின் முன்னால் ஒரு தட்டு பார்லி சூப்பை வைத்தாள். ஒரு ரொட்டித் துண்டும். அடுத்த அறைக்குத் தள்ளுவண்டி கடகடத்துப் போனது.

ஹாரன் விடாமல் அலறியது.

அனார்குல் பையைக் கீழே போட்டாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கரண்டியை எடுத்தாள். ஒரு வாய். உடனே இன்னொன்று.

"மெதுவா, அம்மாடி. சுடுது."

அவள் கை நிற்கவில்லை. கிழவரின் தாடியில் சூப்பு வழிந்துகொண்டிருந்தது.