ஒரு கண் தலைமன்னாரில்

வின்சன்ட் அந்தப் பாட்டைக் கட்டினபோது தாளம் போட்டவளே செலீனாதான். தமிழில் பொப் பாட்டு என்று ஒன்று அப்போதுதான் கிளம்பியிருந்தது. ஓலைத்தொடுவாய் ஊரில் அதற்கு அவளுடைய மச்சான் வின்சன்ட் ஒருவன்தான். வேலியடியில் கவிழ்ந்து கிடந்த வள்ளத்தில் குந்தியிருந்து கித்தாரைத் தட்டுவான். அவள் பலகையில் விரலால் தட்டுவாள்.

"ஒரு கண் என்னில, மறு கண்..." என்று இழுத்தவனுக்கு மிச்சம் வரவில்லை.

"தலைமன்னாரில," என்றாள் அவள்.

அவன் சிரித்த சிரிப்பு அவளுக்குள் போய் இருந்துகொண்டது. மாறுகண்ணால் வாக்குக்கண்ணி என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். அந்தக் கண்ணையே ஒருவன் பாட்டாக்கினால் அது விருப்பமில்லாமல் வேறென்ன?

கொழும்புக்கு இசைத்தட்டுப் போடப் புறப்பட்ட அன்றுதான் முழுப்பாட்டையும் பாடிக் காட்டினான். அதில் வாக்குக்கண்ணி செலீனாவைக் கட்டினவன் கடைசி அடியில் கரை தெரியாமல் கடலுக்குள் போனான். சுற்றி நின்ற பெடியள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"மச்சான், என்ர பேரையாவது எடுத்துவிடுங்கோ. முள்ளிக்குளத்தில இருந்து என்னைப் பாக்க வரப்போகினம்."

"பேரை எடுத்தால் தாளம் உடையுமடி. சரி, அழாதை. எடுக்கிறன்."

அவள் அழவில்லை. அந்தக் கண் மற்றவர்களுக்கு எப்போதும் வேறொன்றைத்தான் காட்டும்.

முள்ளிக்குளத்தார் வந்தபோது செலீனா தேத்தண்ணித் தட்டோடு நிலம் பார்த்து நின்றாள். "அடக்கமான பிள்ளை," என்றாள் மாப்பிள்ளையின் தாய் றஞ்சிதம். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையை எப்போது வாசிப்பிக்கலாம் என்று கேட்கச் செலீனாவின் அம்மா வாயெடுத்தாள்.

வேலிக்கு அப்பால், கொழும்பிலிருந்து திரும்பியிருந்த வின்சன்ட் வானொலியை உச்சத்தில் திருப்பினான். அவனுடைய பாட்டு முதன்முதலாகப் போகிறது. சொன்னபடி பேரை எடுத்திருந்தான். அந்த இடத்தில், தாளம் உடையாமல், "ஓலைத்தொடுவாய்ப் பெட்டை" என்று வைத்திருந்தான்.

றஞ்சிதம் காலால் தாளம் போட்டுச் சிரித்தாள். பிறகு கால் நின்றது.

"பிள்ளை, ஒருக்கா என்னை நிமிந்து பார்."

செலீனா நிமிர்ந்து அவளைத்தான் பார்த்தாள். றஞ்சிதம் திரும்பி, தன் தோளுக்குப் பின்னால் யார் நிற்பதென்று பார்த்தாள்.

"என்னையோ பார்க்கிறாய், தலைமன்னாரையோ?"

மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு முதலில் எழும்பினான்.

அவர்கள் படலையைத் தாண்டும் முன்னமே வின்சன்ட் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். முகமெல்லாம் பல்.

"கேட்டியோ, செலீனா? உன்ர தலைமன்னாரை நான் எடுக்கேல்லை. அதுதான் பாட்டிலயே திறம்."

"ஓம் மச்சான், கேட்டனான்," என்றாள்.

ஆறிய தேத்தண்ணி கோப்பைகளில் நடுங்கியது. தட்டின் அடியில் தன் விரல்கள் தாளம் பிசகாமல் தட்டிக்கொண்டிருப்பதை அவள் அப்போதுதான் கண்டாள்.