மச்சான் முறை

கஸ்பார் படுத்தபடியே வலது கையை உயர்த்தி, இல்லாத கயிறு ஒன்றை இரண்டு தரம் சுண்டினார். "மச்சான், இழும்" என்றார்.

கட்டில் காலடியில் மகன் பெனிஸ்டன் வேதாகமத்தோடு நின்றான். துறைமுகத்தில் சரக்குப் பத்திரம் சரிபார்க்கிற வேலை அவனுக்கு. எதற்கும் எழுத்தில் ஆதாரம் வேண்டும். "அப்பா, மேய்ப்பர்னு சொல்லுங்க, பிதான்னு சொல்லுங்க. மச்சான்னு வேதத்துல எங்கயும் இல்லப்பா" என்று கெஞ்சினான்.

கஸ்பார் மூன்றாம் தரமும் சுண்டினார். கை இறங்கியது. தெக்கிளம்மா புருஷனின் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இழுத்துட்டார்" என்றாள்.

சங்கு குளிக்க இறங்குகிறவனுக்கு வள்ளத்தில் கயிறு பிடிக்க வேண்டியவன் பெண்டாட்டியின் உடன்பிறப்பு என்பது அந்தக் காலத்துக் கடற்கரை வழக்கம். பங்காளி கண்ணயர்ந்தாலும் அயர்வான். தங்கச்சி தாலியை நினைத்து மச்சினன் விடமாட்டான். முயல் தீவுக்கு வெளியே ஒருநாள், கயிறு பிடித்திருந்த தெக்கிளம்மாவின் ஒரே அண்ணன் நெஞ்சடைத்து வள்ளத்திலேயே சாய்ந்துவிட்டான். கீழே மூச்சு முட்டிய கஸ்பார் கயிற்றைச் சுண்டினார். கயிறு இழுபட்டு மேலே வந்து சேர்ந்தார். ஏறிப் பார்த்தால் அண்ணன் குளிர்ந்து கிடக்கிறான், கயிறு தன் பாட்டுக்குச் சுருண்டு கிடக்கிறது, வேறு ஆள் இல்லை. அன்றிலிருந்து ஆண்டவர் அவருக்கு மச்சான்.

இந்தக் கதையை அவர் சொல்லச் சொல்ல, அதில் துரத்தி வந்த சுறா வருஷத்துக்கு ஒரு முழம் வளர்ந்து, கடைசியில் நிலக்கரிக் கப்பல் அளவுக்கு ஆகி, துறைமுகத்துக்குள் நுழைய இடமில்லாமல் வெளியே நின்றது. கயிறு இழுபட்ட இடம் மட்டும் ஒரு விரற்கடைகூட வளர்ந்ததில்லை. தெக்கிளம்மா அதைக் கவனித்து வைத்திருந்தாள்.

பெட்டி வந்தது. மகனுடைய சபையின் போதகர் அற்புதமணியும் வந்தார். நல்ல மனிதர், குரல் உயர்த்தமாட்டார். கல்லறையில் வேத வசனம் மட்டும்தான் சொல்லப்படும், பரிசுத்த நாமத்துக்கு உறவுமுறை கட்டிப் பேச வேண்டாம் என்று தாழ்மையாகக் கேட்டுக்கொண்டார். அத்தனை வருஷம் கூப்பிட்ட பேரை வாசலிலேயே விட்டுவிட்டு புருஷனை அனுப்புவதா என்பது மட்டும் தெக்கிளம்மாவின் நெஞ்சுக்குள் நின்றது.

அதற்குள் பெண்களுக்கு வேறு கவலை. விதவைக்குப் பிறந்த வீட்டிலிருந்து வெள்ளைக் கோடிச் சேலை வர வேண்டும். அண்ணன் இல்லை, அண்ணன் பிள்ளையும் இல்லை. கடையில் ஒன்று எடுத்து வந்துவிடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரி எழுந்தாள். தெக்கிளம்மா விடிந்தபோது உடுத்திய கிளிப்பச்சைச் சேலையிலேயே இருந்தாள்.

"இரிளா. கோடிய எங்க அண்ணன் கொண்டு வரட்டும். அதுவரைக்கும் இதுதான்."

"எந்த அண்ணன், மைனி?"

தெக்கிளம்மா முகவாயை மேலே தூக்கிக் காட்டினாள். "இவருக்கு மச்சான்னா எனக்கு யாரு?"

யாரோ ஒருத்தி சிரித்து, அதை இருமலாக்கிக்கொண்டாள். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேதத்தில் ஆதாரம் இல்லாததைத் துக்க வீட்டில் பேசுவது சரியல்ல என்று தொடங்கினார். பெனிஸ்டன் சுவரோரம் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். அவன் விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஐயா" என்றான். "பிதாவோட சித்தம் செய்யுதவ எனக்குச் சகோதரின்னு ஆண்டவரே சொல்லுதாரு. மத்தேயுல இருக்கு."

"அது ஆவிக்குரிய அர்த்தம், தம்பி."

"சரிய்யா. சகோதரி புருசன் என்ன முறை வேணும்?"

போதகர் கண்ணாடியைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

தெக்கிளம்மா மகனைப் பார்த்தாள். "புஸ்தகத்துல இருந்தா நல்லதுலே. இல்லாட்டியும் இழுத்தது இழுத்ததுதான்."

பெட்டியைத் தூக்கினார்கள். வெள்ளையும் கறுப்புமான கூட்டத்தில், பெட்டிக்கு அடுத்தாற்போல, கிளிப்பச்சை மட்டும் தனியாக நடந்தது. உப்பளத்துக்கு நடுவே போகிற பாதை அது. கண் கூசும் வெள்ளை. துறைமுகத்துக் கிரேனில் உட்கார்ந்திருந்தவன் அந்தப் பச்சை கல்லறைத் தோட்டத்துக்குள் நுழையும் வரை, கொக்கியில் மாட்டிய சரக்கை அந்தரத்திலேயே நிறுத்தி வைத்திருந்ததாகச் சொல்கிறார்கள்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனாள்.