குலுக்கலில் விழுந்த பேர்

கல்லிடைக்குறிச்சி அப்பள முதலாளிகள் போட்டி போட்டுக் கூப்பிடும் கை தளவாயுடையது. இரும்புலக்கையால் அவன் இடித்துக் கொடுத்த உளுந்து மாவில் இட்ட அப்பளம் எண்ணெயில் பூவாய்ப் பொரியும். அன்று காலை இடித்துக்கொண்டிருக்கும்போதே உலக்கை நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவன் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் உருண்டை பிடித்துக்கொண்டிருந்த இசக்கியம்மா ஓடிப்போய்ப் புருஷனைத் தூக்கினாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலக்கை ஈரத்துணி போலத் தொங்கியது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதில் உயிர் தங்கியது. கையும் பேச்சும் திரும்பவில்லை. கொஞ்சம் நடக்க ஆரம்பித்ததும் இசக்கியம்மா அவனைப் பைய நடத்தி உள்ளூர் டாக்டர் குமரகுருபரனிடம் அழைத்து வந்தாள். வருஷக்கணக்காக அவனுடைய ரத்தக்கொதிப்புக்கு அவர்தான் மாத்திரை கொடுக்கிறார்.

"ஒரு வேளை தப்பாமக் குடுத்தேன் ஐயா. நானே வாயில போட்டுத் தண்ணி ஊத்துவேன். பெறவு எப்படி இப்படி ஆச்சு?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோடையில் அவர்தான் பழைய மாத்திரையை நிறுத்தச் சொல்லி, மருந்துக் கம்பெனி அனுப்பிய புது மாத்திரையை இலவசமாகத் தந்தார். அந்தப் புது மாத்திரைக்கு ஆள் எடுக்கக் குலுக்கிப் போட்டதில் தளவாயின் பேரும் விழுந்திருப்பதாக நர்ஸ் பிருந்தா அப்போது வீட்டுக்கு வந்து சொன்னாள். அப்பளக்காரப் பெண்கள் பிடிக்கும் பாத்திரச் சீட்டில் யார் பேர் விழுகிறதோ அவள் வீட்டுக்குத்தான் பித்தளைப் பானை போகும். இசக்கியம்மாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. மறுநாளே டாக்டர் வீட்டுக்கு ஒரு கட்டு உளுந்தப்பளம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"அதுல ரெண்டு வகைம்மா," என்றார் டாக்டர். "ஒண்ணுல மருந்து இருக்கும். இன்னொண்ணு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. இப்படி ஆன பெறவு மெட்ராஸ் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டேன். தளவாய்க்கு விழுந்தது மாவு."

இசக்கியம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"பழைய மாத்திரைல மருந்து இருந்துச்சுல்லா ஐயா?"

"இருந்துச்சு."

"அதை எதுக்கு நிறுத்தச் சொன்னிய?"

"ரெண்டையும் ஒத்துப் பாத்தாத்தான் புது மருந்து கேக்குதா இல்லையான்னு தெரியும். நாளைக்கு எத்தனையோ பேருக்கு உதவும். எல்லாம் தாள்ல எழுதியிருந்துச்சு. நீயுந்தானே கைநாட்டு வச்ச."

"நீங்க வைக்கச் சொன்னிய, வச்சேன். பேரு விழுந்தா பானை வீட்டுக்கு வரும். எனக்கு அதுதானே தெரியும்?"

டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். கெட்ட மனுஷர் இல்லை. அவள் பிரசவத்துக்கு நடுச்சாமத்தில் எழுந்து வந்தவர். அதை நினைத்தபோதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இனிமே பழைய மாத்திரையே குடு," என்றார்.

பிருந்தா உள்ளே வந்தாள். "அக்கா, மிச்ச மாத்திரை கொண்டாந்திருக்கியளா? கம்பெனிக்கு எண்ணித் திருப்பி அனுப்பணும்."

இசக்கியம்மா மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். பிருந்தா அதைத் தட்டில் கொட்டி ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினாள்.

"கணக்குச் சரியா இருக்கு. ஒருநாள் கூட விடாமக் குடுத்திருக்கியளே அக்கா."

பிறகு பிரஷர் பார்க்கும் பட்டையை எடுத்துப் பிரித்தாள். பட்டையைக் கண்டதும் தளவாய், எப்போதும் நீட்டுகிற வலக்கையை இடக்கையால் தூக்கி டாக்டரின் மேசைமேல் வைத்தான்.