புள்ளி இல்லாத மூளை

எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள், மைதிலியைத் தவிர. முன்பு பக்கத்து வீட்டில் இருந்த, அவள் அக்கா என்றே கூப்பிடும் வசந்தகுமாரியின் மூளையில் ஒரு புள்ளிகூட இல்லையாம்! இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஸ்கேனில் பதினாலு வெள்ளைப் புள்ளி. உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே நரம்பின் மேலுறையைத் தின்றுவிட்டுப் போன தழும்புகள் அவை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று அந்த நோய்க்குப் பேர். புது ஸ்கேனோ துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது என்று டாக்டர் மணவாளன் பூரித்துப்போய், போன மாதமே ஊசியை நிறுத்திவிட்டார்.

தழும்பு எங்கேயாவது சுத்தமாக மறையுமா? இதைக் கேட்க ஒரு ஆள் இல்லையா! அம்பத்தூர் எஸ்டேட் ஆபீசில் உட்கார்ந்து, மூளை ஸ்கேன்களில் அந்தப் புள்ளிகளை எண்ணும் புரோகிராம் எழுதுவதுதான் மைதிலியின் வேலை. இன்று காலைதான் புது ஸ்கேன் அவள் கைக்கு வந்தது. பழையதன்மேல் அதை வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. மறுபடி ஓட்டினாள். ம்ஹூம். புள்ளி கூடும், குறையும். மூளையின் மடிப்போ கைரேகை மாதிரி, ஒருவருக்கு இருப்பது இன்னொருவருக்கு இருக்காது. இது ஒரே தலை இல்லை.

"சும்மா கிளறாதே மைதிலி," என்றார் மேலதிகாரி அரவிந்தன். "மெஷினை மாத்தியிருப்பாங்க. வெள்ளிக்கிழமை மாநாட்டுல இந்தக் கேஸைத்தான் காட்டப்போறோம்."

"மெஷின் மாறினா மூளையும் மாறுமா சார்?"

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். போகட்டும், மகராசன். அதே ஸ்கேன் சென்டரிலிருந்து அதே நாளில் வந்தவற்றை எல்லாம் எடுத்து, வசந்தகுமாரியின் பழைய ஸ்கேன்மேல் ஒவ்வொன்றாக வைத்தாள் மைதிலி. ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தது. பதினாலு தழும்பும் அதே இடத்தில், கூடவே இரண்டு புதுசு. ஆனால் பேர் ரோஷினி, வயது இருபத்திமூன்று, பட்டாபிராம்.

ஸ்கேன் சென்டரைக் கூப்பிட்டாள். மெஷின் ஓட்டும் தேவாதான் எடுத்தான்.

"அன்னிக்கு இன்னா ஆச்சுன்னா மேடம், வசந்தகுமாரின்னு கூப்டோம். அந்தம்மா பாத்ரூம் போயிருந்தாங்க. தலைவலின்னு வந்து அடுத்து இருந்த பொண்ண உள்ள ஏத்திட்டேன். மெஷின்ல பேர மாத்துனேனான்னு..." காகிதம் புரட்டும் சத்தம். "ஐயோ, மாத்தலியே மேடம். அப்பறம் வந்த அந்தம்மாவ இந்தப் பொண்ணு பேர்லயே எடுத்துட்டேன்."

பாவி! கத்த நேரமில்லை. டாக்டர் நம்பரை அடித்தாள். நர்ஸ் எடுத்தாள்.

"டாக்டர் மருந்து ஏத்துற ரூம்ல இருக்காரும்மா. ரோஷினின்னு ஒரு பொண்ணு, இன்னிக்குத்தான் முதல் டோஸ்."

"ஏத்தாதீங்க! ஓடுங்க சிஸ்டர், அந்தப் பொண்ணுக்கு நோயே இல்லை!"

செருப்புச் சத்தம். கதவு. ஏதோ பேச்சு. கடைசியில் டாக்டரே வந்தார். இரண்டு பேர் ஸ்கேனும் மாறிப்போனதை மைதிலி மளமளவென்று சொன்னாள்.

"ஊசி குத்தியாச்சு, மருந்து இன்னும் திறக்கல. கழட்டிடறேன். வசந்தகுமாரியை உடனே கூட்டிட்டு வாம்மா. நீ சொன்னாத்தான் கேப்பாங்க. நான் இந்தப் பொண்ணோட அப்பாவுக்குப் பதில் சொல்லணும்."

ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வசந்தகுமாரி முதல் மணியிலேயே போனை எடுத்தாள்.

"அட மைதிலி! உனக்கு ஆயுசு நூறு. அவர் டூட்டிக்குக் கிளம்பறப்பகூட உன்னைப் பத்தித்தான் பேச்சு."

"உடம்பு எப்படிக்கா இருக்கு?"

"எனக்கென்ன? இடது கைதான் முந்தாநாள்லருந்து மரத்துக் கெடக்கு. டம்ளரைப் பிடிச்சா நழுவுது. முன்னன்னா அலறிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன். இப்பத்தான் தலை சுத்தமா இருக்கே! ஏதோ சுளுக்குன்னு தைலம் தேய்ச்சிட்டு கம்முனு இருக்கேன்."

இதை எப்படிச் சொல்வது? சொல்லித்தான் ஆகவேண்டும். ஸ்கேன் மாறிப்போனதை, புதுசாக இரண்டு புள்ளி வந்திருப்பதை, இப்போதே கிளம்ப வேண்டும் என்பதைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள்.

"அப்போ அந்த நல்ல மூளை யாரோடது?"

"பட்டாபிராம்ல ஒரு சின்னப் பொண்ணுக்கா. உங்க நோயை அவளுக்குன்னு சொல்லிட்டாங்க."

வசந்தகுமாரி அழுதாள். அடக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"ஒரு மாசமா நான் இங்க கோயில் கோயிலா சக்கரைப் பொங்கல் குடுத்துட்டிருக்கேன். அந்தப் புள்ள அங்க எப்படி அழுதுச்சோ... அவளுக்குச் சொல்லியாச்சா?"

"இப்பத்தான் சொல்றாங்கக்கா."

"சரி." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆட்டோ பிடிச்சு வா. புடவை மாத்தணும், எனக்கு ஒரு கைதான் இருக்கு. நீ வந்து கொசுவத்தைப் பிடி."