வெட்டுவாயில் பூசிய மருந்து

அந்தக் கொடி அவரை இனத்தைச் சேர்ந்தது. காயும் அவரைக்காய் போலத்தான் இருக்கும், தின்ன மட்டும் முடியாது. பூவுக்காகவே வளர்ப்பார்கள், ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். தானாக நிமிர்ந்து நிற்கும் வலு அதற்குக் கிடையாது. பக்கத்தில் இருப்பதைச் சுற்றிக்கொண்டு ஏறும். தண்டு பருக்கப் பருக்க, அது சுற்றியிருக்கும் மரத்தின் பட்டை நெரிபடும். காய் முற்றிக் காய்ந்ததும் அதன் இரண்டு தோல்களும் எதிரெதிராக முறுக்கிக்கொண்டு டப்பென்று வெடிக்கும். விதை வேலி தாண்டிப் போய் விழும்.

தையல்காரியின் வீட்டுக் கொல்லையிலிருந்து ஓடைக்கரைக்கு அது போனது அப்படித்தான். நட்டது அவள் மகள். அந்த டப்பென்ற சத்தத்துக்காகவே நட்டாள். கொடி முதன்முதலாகப் பூத்த வருஷம் காய்ச்சலில் படுத்தவள், எழுந்திருக்கவே இல்லை.

தையல்காரியின் கணவருக்கு ஓடைக்கரையில் களை எடுப்பதுதான் வேலை.

“ஊர்க் களையெல்லாம் நாம பிடுங்கறோம், விதைப் பண்ணைய நீங்க வீட்ல வச்சிருக்கீங்க,” என்றார் மேஸ்திரி. “சிரிச்சுக்கிட்டே சொல்றேன்னு விட்டுடாதீங்கண்ணே. கரையில ரெண்டு மரம் செத்துப்போச்சு. நீங்களே எடுத்துடுங்க. நான் ஆளுங்கள அனுப்பி, அவங்க வந்து, அக்கா கண்ணு முன்னாடி வெட்டினா நல்லாவா இருக்கும்?”

வெறுமனே வெட்டினால் அந்தக் கொடி சாகாது. வேரில் சேர்த்து வைத்திருக்கும் சத்தைக் கொண்டு மறுபடி துளிர்க்கும். அதனால் வெட்டிய கையோடு வெட்டுவாயில் மருந்து பூச வேண்டும். நடுக்கட்டையில் பூசிப் பயனில்லை. பட்டைக்குச் சற்று உள்ளே பச்சையாக ஒரு வளையம் தெரியும். மருந்தை வேருக்கு இறக்குவது அதுதான்.

மருந்து என்பது தொழிலில் புழங்கும் சொல். களையைக் கொல்வதும் மருந்து, கிளை முறிந்த நல்ல மரத்தின் காயத்தில் பூசுவதும் மருந்து.

தைத்த துணிகளைக் கொடுக்க மனைவி வெளியே போன நேரம் பார்த்து, அவர் அடித்தண்டை அறுத்தார். பொத்தான் டப்பாவை மறந்துவிட்டுப் போனவள் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டாள்.

“என்னங்க பண்றீங்க?”

வாயில் வந்ததைச் சொன்னார். “தண்டு உளுத்துப்போச்சும்மா. மேல பரவுறதுக்குள்ள வெட்டி, மருந்து போடலாம்னு பார்த்தேன்.”

அவள் நம்பினாள். முன்பு ஒருமுறை அவளுடைய எலுமிச்சையை அவர் அப்படித்தான் பிழைக்க வைத்தார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? திரும்பத் தழைக்கும்ல?”

“ம்.”

“குடுங்க இப்படி. உங்களுது முரட்டுக் கை. நான் பூசறேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவரோ கையுறையைக் கழற்றி நீட்டினார். “இதப் போட்டுக்க.”

“மருந்துக்கு எதுக்குக் கையுறை?”

“கையில படக்கூடாது.”

அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். “எந்த இடத்துல பூசணும்?”

“ஓரமா. பட்டைக்கு உள்ள பச்சையா தெரியுது பாரு, அங்க.”

எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கத்தில் அது தானாக வந்துவிட்டது. மடிப்புத் தையல் போட்டுப் பழகிய கை, நூலிழைகூட விடாமல் வளையத்தைச் சுற்றித் தூரிகையை ஓட்டியது.

“கொஞ்சம் எரியும்டி. பொறுத்துக்கோ. சரியாயிடும்,” என்றாள் கொடியிடம். மகளின் கட்டிலருகே அவர் கேட்ட அதே தணிந்த குரல்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேலே படர்ந்திருந்த இலைகள் சுருண்டு உதிர்ந்தன. அதற்கு அவள் கலங்கவில்லை. வெட்டினால் காயத்தானே செய்யும். தினமும் அடிக்கட்டைக்குத் தண்ணீர் ஊற்றினாள். வெயில் படாமல் பழைய துணியைக் கட்டி நிழல் போட்டாள். மழை வந்தது. கொல்லையில் புல்கூட முளைத்தது. கட்டை மட்டும் கறுத்துக்கொண்டே போனது.

ஒருநாள் அவர் வேலைக்குக் கிளம்பும்போது அவள் அங்கே குந்தியிருந்தாள். விரல் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தாள். உள்ளேயும் பழுப்புத்தான்.

“மருந்து கேக்கலங்க,” என்றாள். “எலுமிச்சைக்குக் கேட்டுச்சே.”

அவர் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார்.

“எங்கயாவது விட்டுட்டேனோ? அன்னிக்கு அவசர அவசரமா பூசினேன். உங்களையே பூச விட்டிருக்கணும். என் கைக்கு எதுவுமே பொழைக்க மாட்டேங்குது.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மண் ஒட்டிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ எங்கயும் விடலம்மா,” என்றார். “சரியாத்தான் பூசின.”