பூ ஒட்டிய பானெட்

கோக் செங் அண்ணன் தினமும் காலையில் தன் காரின் பானெட்டைத் திறந்து எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றுவதை என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேண்டுமென்று பார்க்கவில்லை. ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது. ஒருநாள் எண்ணெய் மூடியைத் திறந்து விரலால் வழித்துப் பார்த்தார். விரலில் கறுப்பு இல்லை, தே தாரிக் பால்டீயின் நுரை மாதிரி என்னவோ இருந்தது. அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று சந்தின் இரண்டு பக்கமும் நோட்டம் விட்டார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

என் கணவர் பஸ் பட்டறையில் வேலை பார்த்தவர். சொன்னதும், "ஹெட் கேஸ்கெட் போச்சு," என்றார், பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல். எஞ்சினின் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவில் கிடக்கும் மெல்லிய தகடாம் அது. அது விட்டுப்போனால் தண்ணீர் எண்ணெயில் கலக்கும், எஞ்சினுக்குள் போய் ஆவியாகும், சூடு தாங்காமல் வண்டி ஒருநாள் நடுரோட்டில் படுத்துக்கொள்ளும்.

அந்தக் காரில்தான் எங்கள் சந்துப் பையன் பூன் தெய்க் தன் கல்யாணப் பெண்ணை அழைத்துவரப் போகிறான் என்று தெரிந்ததும், அவன் அம்மா கியோக் ஹூனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அவரு என் வீட்டுக்காரரோட அண்ணன். தானா வந்து வண்டி தர்றேன்னு சொன்னாரு. வேணாம்னா அவரு மொகத்துல அடிச்ச மாதிரி ஆயிடும்," என்றாள். "உனக்கு எதுலதான் குத்தம் தெரியாது, சுவீ சோ?"

நான் என் ஜன்னலுக்கே திரும்பிவிட்டேன்.

கோயிலில் நேரம் குறித்துக் கொடுத்தவர், பதினொரு மணிக்குள் பெண் வாசற்படி தாண்டிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். பதினொன்றுக்கு மேல் எங்கள் சீனப் பஞ்சாங்கப்படி குதிரை நேரம். கியோக் ஹூன் எலி வருஷத்துக்காரி. குதிரைக்கும் எலிக்கும் ஆகாது. அந்த நேரத்தில் பெண் வந்தால் மாமியார்க்காரி கொல்லைப்புறச் சமையலறையில் ஒளிந்துகொள்ள வேண்டும், மருமகள் நுழைவதைக் கண்ணால் பார்க்கக்கூடாது, பார்த்தால் பிள்ளைக்கு ஆகாது. பையன் தவழும்போதே புருஷன் இறந்துபோய், தைப்பிங் சந்தையில் குவே தியாவ் நூடுல்ஸ் வறுத்தே அவனை ஆளாக்கினவள் அவள். கல்யாணத்துக்கு அவள் கேட்டது ஒன்றுதான். "அந்தப் பொண்ணு படி தாண்டறத நான் வாசல்ல நின்னு பாக்கணும்."

பெண்ணுக்குக் குடை பிடிக்கும் துணையாகப் போனவள் நான். கணவனும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்கிற பெண்பிள்ளை வேண்டுமாம். அந்தத் தகுதிக்கு எங்கள் சந்தில் வேறு ஆள் அகப்படவில்லை.

கல்யாணத்தன்று விடியற்காலையிலேயே பூக்கடைக்காரன் வந்து பானெட்டில் ரோஜாவால் இதயம் செய்து, நடுவில் இரண்டு கரடி பொம்மைகளை உட்காரவைத்து, சுற்றிலும் நாடா போட்டு இழுத்து ஒட்டிவிட்டான். கோக் செங் தண்ணீர்ப் புட்டியோடு வந்து நின்றார். கரடிகளைப் பார்த்தார். புட்டியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

பெண் வீடு இருக்கிற கோலகங்சாருக்கு நெடுஞ்சாலையில் போனபோது ஒன்றுமில்லை. பெண் வீட்டார் கூட்டமாக நின்று பார்க்கும்போது பூவைப் பிய்த்துப் பானெட்டைத் திறக்க அவருக்கு மனசு வரவில்லை. திரும்பும்போதுதான் சிக்கல். போன வழியிலேயே பெண்ணை அழைத்து வரக்கூடாது. அதனால் பழைய சாலை, புக்கிட் பெராப்பிட் மேடு.

பாடாங் ரெங்காஸ் தாண்டியதும் காருக்குள் சர்க்கரைப் பாகு தீய்கிற மாதிரி ஒரு வாசனை. பின்னால் மாப்பிள்ளையின் தோழன் யோங்கின் குட்டிக் கார் விடாமல் ஹாரன் அடித்தது.

"பசங்களுக்கு என்னா குஷி பாரு," என்று கோக் செங் பதிலுக்கு அடித்தார். கல்யாண வண்டிகள் அப்படி அடித்துக்கொண்டு போவதுதான் எங்கள் வழக்கம். அவர் அடிக்க அடிக்க, யோங் இன்னும் பலமாக அடித்தான்.

திரும்பிப் பார்த்தேன். யோங்கின் காரையே காணோம். வெள்ளைப் புகைதான் இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கை நீண்டு, நிறுத்து நிறுத்து என்று ஆடியது.

"அண்ணே, அது குஷி இல்ல. நம்ம வண்டி பொகையுது."

"ஆவிதான். மழ பேஞ்ச ரோடு."

ரோடு காய்ந்து கிடந்தது. வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. கோக் செங் குளிர்சாதனத்தை அணைத்து, ஜன்னல்களை இறக்கி, ஹீட்டரைப் போட்டார். இந்த ஊர் வெயிலில் ஹீட்டர். மணப்பெண் சோக் லெங்கின் நெற்றியிலிருந்து பவுடர் கோடுகோடாக வழிந்தது.

"ஆ பேக், கல்யாணத்தன்னிக்கே மருமகள வேக வைக்கிறீங்களே," என்றாள். மாப்பிள்ளைக்குப் பெரியப்பா என்றால் அவளுக்கும் ஆ பேக்தான்.

"எஞ்சின் சூட்ட இந்தப் பக்கம் இழுக்கறேன்மா. மேடு ஏறிட்டா போதும்."

மேடு ஏறவில்லை. எஞ்சின் இருமியது, நொண்டியது, ஒரு வளைவில் ஓய்ந்தது. நாடாவின் இடுக்கிலிருந்து ஆவி சீறி, கரடிகளை மறைத்தது. மணி பத்தரை. மலையேறும் லாரிகள் எங்களை உரசிக்கொண்டு போயின.

"எத்தன நாளா தண்ணி குடிக்குது?" என்று பூன் தெய்க் கேட்டான். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நோன்புப் பெருநாள்லேர்ந்து."

"ஏன் சொல்லல?"

கோக் செங் ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "சொல்லியிருந்தா வாடகைக்கு வேற காரு எடுத்திருப்ப. உங்கப்பன் இருந்திருந்தா அவன் ஓட்டியிருப்பான். நான் ஓட்டணும்னு நெனச்சேன்."

யோங் ஓடிவந்தான். "இப்ப ரேடியேட்டரத் தொறந்தா மூஞ்சி வெந்துடும். ஆற அர மணி நேரம் ஆவும். எல்லாரும் என் வண்டிக்கு வாங்க."

"கூடாது," கோக் செங் இறங்கி வந்து பெண் பக்கத்துக் கதவை மறித்து நின்றார். "வழியில வண்டி மாறின பொண்ணு ரெண்டு கல்யாணம் பண்ணுவா."

"கயிறு கட்டி இழுக்கட்டா?"

"உன் சோப்பு டப்பா எங்கள இழுத்து மேடேறுமா?"

பூன் தெய்க் கைபேசியை எடுத்தான். அம்மாவின் பெயரைப் பார்த்தான், அழைக்காமல் பையில் போட்டான். பெரியப்பாவை மீறினால் ஒரு சாபம், மீறாவிட்டால் அம்மா சமையலறையில்.

"அம்மா எப்ப உள்ள போகணும்?" என்று சோக் லெங் கேட்டாள்.

"பதினொன்னுக்கு."

அவள் பாவாடையை இரண்டு கையாலும் சுருட்டிக்கொண்டாள். "சுவீ சோ, கொடைய விரிங்க."

"அம்மாடி, வேணாம்," என்றார் கோக் செங்.

"ரெண்டு கல்யாணம்தானே ஆ பேக். ரெண்டாவதும் இவரையே பண்ணிக்கறேன்." மறுபக்கக் கதவு வழியாக இறங்கி, சுற்றிவந்து அவர் முன்னால் நின்றாள். "வீட்டுல பெரியவருக்குத்தான் மொதல் டீ ஊத்தி வணங்கணும். நீங்க வர்ற வரைக்கும் ஒருத்தருக்கும் ஊத்த மாட்டேன். மெதுவா வாங்க."

அவர் கதவிலிருந்து கையை எடுத்தார்.

யோங்கின் காரில் பந்துவிளையாட்டுச் சப்பாத்தும் காலி முறுக்குப் பொட்டலமும் கிடந்தன. நான் குடையோடு அவற்றின் மேல் உட்கார்ந்தேன். இறக்கத்தில் முன்னால் மணல் லாரி, அதற்கு முன்னால் ஒரு மரக்கட்டை லாரி. யோங் எட்டிப் பார்ப்பான், எதிரே ஏதாவது வரும், திரும்ப ஒதுங்குவான். தைப்பிங்கில் முதல் சிவப்பு விளக்கில் நின்றபோது பூன் தெய்க் தன் கைக்கடிகாரத்தைச் சட்டைக்கைக்குள் தள்ளிவிட்டான்.

சந்துக்குள் திரும்பும்போதே தெரிந்தது. வாசலில் கியோக் ஹூன் நின்றிருந்தாள். அவள் நாத்தனார் பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நேரமாச்சு அண்ணி, உள்ள போங்க. புள்ளைக்குத்தான் ஆகாது."

"ரெண்டு நிமிஷம்."

"அதையேதான் அப்பவும் சொன்னீங்க."

கார் நிற்குமுன்பே சோக் லெங் கதவைத் திறந்தாள். நான் குடையை விரித்துக்கொண்டு பின்னால் ஓட, அவள் வழிந்த பவுடரோடு வாசற்படியைத் தாண்டிவிட்டாள். கியோக் ஹூன் அசையாமல் அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். தன் கைக்குட்டையால் அந்த நெற்றியைத் துடைத்தாள்.

நாத்தனார் சுவரைக் காட்டினாள். "அண்ணி, மணியப் பாருங்க. பதினொன்னு தாண்டிருச்சு."

"அந்தக் கடிகாரம் எப்பவும் முன்னாலதான் ஓடும்," என்றாள் கியோக் ஹூன், திரும்பிப் பார்க்காமலே.

அந்தக் கடிகாரம் பின்னால் ஓடுகிற கடிகாரம். சந்துக்கே தெரியும். நான் குடையை மடக்கினேன், வாயையும்.